வறண்ட ஊரில் பெரணி வளருமா?

நான் பத்தாம் வகுப்பில் படித்தபோது தாவரவியல் பாடத்தில் பெரணியைப் பற்றி ஒரு பகுதி இருந்தது. நாயின் வாலைப் போலச் சுருண்ட இளம் இலை, இலையின் அடிப்புறத்தில் பழுப்புப் புள்ளிகள், இதய வடிவில் ஒரு சிறு பச்சைத் தகடு என்று மூன்று படங்கள். அவற்றை நோட்டில் வரைந்து பாகங்களைக் குறித்து மதிப்பெண்ணும் வாங்கினோம். ஆனால் ஒரு பெரணிச் செடியை நேரில் பார்த்தவர் எங்கள் வகுப்பில் ஒருவரும் இல்லை. எங்கள் ஊர் மதுரைக்குத் தெற்கே உள்ள கரிசல் பூமி. "பெரணிகள் குளிர்ந்த, ஈரமான, நிழலான இடங்களில் வளர்வன" என்று பாடநூல் சொல்லியது. அப்படியானால் அவற்றுக்கும் நமக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று முடிவு கட்டிவிட்டோம்.

அந்த ஆண்டு கொடைக்கானலுக்குச் சுற்றுலா சென்றோம். திரும்பும்போது நான் கைச்செலவுக் காசில் ஒரு பெரணித் தொட்டியை வாங்கி வந்தேன். வீட்டுத் திண்ணையில் வைத்தேன். ஒரு வாரத்தில் இலை நுனிகள் பழுப்பாகிக் கருகின. தண்ணீர் போதவில்லை போலும் என்று காலையும் மாலையும் ஊற்றினேன். மேலும் கருகியது. நண்பகலிலும் ஊற்றினேன். ஒரு மாதத்துக்குள் செடி செத்துவிட்டது. தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால் உள்ளே மண் சேறாகக் கிடந்தது. வேர்கள் கறுத்து நாறின. தண்ணீரில் நின்றுகொண்டே ஒரு செடி தாகத்தால் எப்படிச் சாகும்? இந்தக் கேள்விக்கு விடை கிடைத்தால், வறண்ட ஊரில் பெரணி வளர்க்கும் வழியும் கிடைத்துவிடும்.

காற்றின் தாகம்

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். காற்று தன்னுள் எவ்வளவு நீராவியைத் தாங்க முடியும் என்பது அதன் வெப்பநிலையைப் பொறுத்தது. 20 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 17 கிராம் நீராவியைத் தாங்கும். 38 டிகிரியில் ஏறத்தாழ 46 கிராம் தாங்கும்.

மலையில் 20 டிகிரி வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கன மீட்டர் காற்றில் இருக்கும் நீராவி சுமார் 14 கிராம். இன்னும் மூன்றரை கிராம் கிடைத்தால் அதன் வயிறு நிரம்பிவிடும். இப்போது நம் ஊரின் கோடை நண்பகல்: வெப்பம் 38 டிகிரி, ஈரப்பதம் 30 விழுக்காடு. இந்தக் காற்றில் இருக்கும் நீராவியும் சுமார் 14 கிராமே! அளவில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் நம் ஊர்க் காற்று நிறைவடைய இன்னும் 32 கிராம் வேண்டும். அதாவது மலைக்காற்றைப்போல் ஒன்பது மடங்கு தாகம் கொண்ட காற்று இது. அந்தத் தாகத்தை அது எங்கே தணித்துக்கொள்ளும்? குளத்தில், ஈரத்துணியில், உங்கள் உதட்டில், செடியின் இலையில்.

வேம்பும் கருவேலும் இதற்கு ஈடுகொடுக்கும். அவற்றின் வேர்கள் ஆழமாகச் செல்கின்றன. தண்டில் நீளமான நீர்க்குழாய்கள் உள்ளன. பெரணிக்கு ஆணிவேர் கிடையாது. மண்ணின் மேற்பரப்பை ஒட்டி ஓடும் தண்டிலிருந்து மெல்லிய வேர்க்கற்றைகள் மட்டுமே கிளம்புகின்றன. பெரும்பாலான பெரணிகளில் நீரை மேலே ஏற்றுபவை அகன்ற குழாய்கள் அல்ல. குறுகிய நாளச் செல்களே. எனவே காற்று கேட்கும் வேகத்தில் அவற்றால் நீரை அனுப்ப இயலாது. வேருக்கு மிகத் தொலைவில் இருப்பது இலை நுனி. முதலில் அதுதான் கருகும். இந்த நிலையில் தொட்டியில் நீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் வேருக்குக் காற்று கிடைக்காமல் அதுவும் அழுகும். பிறகு இருந்த கொஞ்சம் நீர்வரத்தும் நின்றுவிடும். என் செடிக்கு நேர்ந்தது இதுதான். மண்ணில் நீர் இருந்தது. ஆனால் காற்றின் தாகத்தைக் குறைக்க நான் ஒன்றும் செய்யவில்லை.

இலையைச் சுற்றி, அது வெளியிட்ட நீராவியாலேயே ஆன ஒரு மெல்லிய ஈரப் படலம் உண்டு. காற்று அசையாதிருந்தால் அது ஒரு போர்வைபோல் இலையைக் காக்கும். காற்றடித்தால் கலைந்துபோகும். திண்ணையில் காற்றோட்டமாக வைத்தது செடிக்கு நல்லது என்று நினைத்தேன். அது நான் செய்த இரண்டாவது தவறு.

கிணற்றுக்குள் இருந்த காடு

செத்த செடியை நான் குப்பையில் போடுவதைப் பார்த்த தாத்தா சிரித்தார். "ஏய்யா, மலைக்குப் போயி காசு குடுத்து வாங்கியாந்தியே, இது நம்ம கிணத்துல கெடக்குதே" என்றார். தோட்டத்துக் கிணற்றுக்கு அழைத்துப் போனார். கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு கட்டிய பழைய கிணறு அது. பதினைந்தடி ஆழத்தில் சுவரைச் சுற்றிப் பச்சை வளையமாகப் பெரணிகள்! எத்தனையோ முறை அந்தக் கிணற்றில் நீந்தியிருக்கிறேன். கண்ணில் பட்டும் கருத்தில் படவில்லை.

கிணற்றுக்குள் நடப்பது என்ன? உச்சி வேளை தவிர மற்ற நேரத்தில் வெயில் இறங்காது. காற்று வீசாது. அடியிலுள்ள நீர் ஆவியாகிக்கொண்டே இருப்பதால் உள்ளே காற்று குளிர்ந்து, ஈரமாக நிற்கும். கல்லிடுக்கில் கசியும் நீர் வேரை நனைக்கும். ஆனால் தேங்காமல் வழிந்துவிடும். மேலே 38 டிகிரியில் ஊர் கொதிக்கும்போது, பதினைந்தடி கீழே ஒரு சிறு கொடைக்கானல் இருந்திருக்கிறது.

அந்த வளையம் இன்று இல்லை. சுற்றிலும் ஆழ்துளைக் கிணறுகள் பெருகி நிலத்தடி நீர் இறங்க இறங்க, மேலே இருந்த பெரணிகள் காய்ந்தன. கீழே கசிவு இருந்த இடத்தில் புதியவை முளைத்தன. ஒவ்வொரு ஆண்டும் பச்சை வளையம் கீழே போய்க்கொண்டே இருந்தது. பிறகு கிணறு வற்றியது, பெரணியும் போயிற்று. நீர்மட்டம் இறங்கிய கதையை அந்தச் சுவர் எழுதி வைத்ததுபோல் இருந்தது.

உங்கள் ஊரிலும் தேடிப் பாருங்கள். நீர் உள்ள பழங்கிணறு, கோயில் தெப்பக்குளத்தின் கல்லிடுக்கு, பாலத்தின் அடிப்பகுதி, கசியும் குடிநீர்த் தொட்டியின் நிழல் பக்கம் என எங்கேனும் ஒன்று இருக்கும். (கிணற்றை எட்டிப் பார்ப்பதானால் பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றின் அருகே போகவே வேண்டாம்.)

எந்தப் பெரணி தாங்கும்?

உலகில் ஏறத்தாழ 10,500 பெரணி இனங்கள் உள்ளன. அவற்றில் வறட்சியைத் தாங்குபவையும் உண்டு. மழைக்காலத்தில் குளத்திலும் வயலிலும் பறித்துச் சமைக்கும் ஆரைக்கீரை ஒரு பெரணிதான். குளம் வற்றியபின் அதன் ஸ்போர்கள் கடினமான உறைக்குள் பல ஆண்டுகள் காத்துக்கிடக்கும். ஆனால் அது நீர்ச்செடி. நம் நிழல் தோட்டத்துக்கு ஆகாது.

தொடங்குபவர்களுக்கு நான் முதலில் சொல்வது டெரிஸ் விட்டேட்டா. சிறு தென்னங்கீற்றைப்போல் நீண்ட இலை. சுண்ணாம்புக் காரை உள்ள பழஞ்சுவர் என்றால் இதற்குக் கொள்ளை ஆசை. காலை வெயில் சற்றுப் பட்டாலும் பொறுத்துக்கொள்ளும். இதற்கு ஒரு விந்தையான குணம் உண்டு. மண்ணிலுள்ள ஆர்செனிக் என்னும் நஞ்சை உறிஞ்சி இலையில் சேர்த்துவைக்கிறது என்று 2001-ஆம் ஆண்டு அமெரிக்காவின் புளோரிடாவில் கண்டறிந்தார்கள். மரத்தைப் பூச்சி அரிக்காமலிருக்க மருந்தூட்டிய ஓர் இடத்தில், மற்ற செடிகள் தாங்காத ஆர்செனிக் கலந்த மண்ணில், இது செழித்து நின்றது. நஞ்சுபட்ட மண்ணையும் நீரையும் தூய்மை செய்ய இதைப் பயன்படுத்தும் ஆய்வுகள் அதிலிருந்து தொடங்கின. ஆகவே இதை ஆட்டுக்கும் மாட்டுக்கும் போடாதீர்கள்.

கடைகளில் எளிதாகக் கிடைப்பது நெஃப்ரோலெபிஸ். இதில் கார்டிஃபோலியா என்ற இனத்தைத் தோண்டிப் பார்த்தால் வேரோடு கோலிக்குண்டு போன்ற உருண்டைகள் தொங்கும். உள்ளே பெரும்பகுதி நீர்தான். இரண்டு நாள் நீங்கள் ஊருக்குப் போய்விட்டாலும் செடி சமாளித்துக்கொள்ளும். ஓடுதண்டுகளை அனுப்பி விரைவில் பரவிவிடும் என்பதால் தொட்டிக்குள்ளேயே வைத்திருங்கள்.

கிணற்றுச் சுவரில் நான் கண்டது அடியாண்டம். கருங்கம்பி போன்ற பளபளப்பான காம்பும் விசிறி வடிவச் சிற்றிலைகளும் கொண்டது. இலைமேல் நீரைத் தெளித்தால் ஒட்டாமல் முத்தாக உருண்டோடும். 'நனையாதது' என்னும் பொருளுள்ள கிரேக்கச் சொல்லே இதன் பெயராயிற்று. அழகில் முதலிடம், வறண்ட காற்றைக் கண்டால் முதலில் படுப்பதும் இதுவே. மற்ற இரண்டையும் வளர்த்துக் கைப்பழக்கம் வந்தபின் இதைத் தொடுங்கள்.

பாறைகளிலும் மரக்கிளைகளிலும் ஒட்டி வாழும் டிரைனேரியாவுக்கு இரண்டு வகை இலைகள் உண்டு. பச்சை இலைகள் உணவு தயாரிக்கும். பழுப்பு நிறச் சிற்றிலைகள் கூடைபோல் நின்று, விழும் சருகுகளைப் பிடித்துச் செடிக்கு எருவாக்கும். கோடையில் பச்சை இலைகள் உதிர்ந்துவிடும். செத்துவிட்டது என்று பிடுங்கிவிடாதீர்கள். கொல்லிமலையில் முடவாட்டுக்கால் கிழங்கு என்று விற்பது இதன் தண்டுதான்.

வறட்சியை வென்ற பெரணி என்றால் அது மயில்சிகை. தாவரவியலில் ஆக்டினியாப்டெரிஸ் என்பார்கள். பாறை இடுக்கில் விரலளவு உயரத்தில் பனங்கன்றுகள் கூட்டமாக முளைத்ததுபோல் இருக்கும். கோடையில் இலை சுருண்டு சருகாகிவிடும். மழை பெய்ததும் அதே இலை விரிந்து பச்சையாகும். நீரெல்லாம் போனபின்னும் செல்கள் சாகாமல் இருக்கும் அரிய திறன் இது. இதை நான் தொட்டியில் வளர்க்க முயன்று இரண்டு முறை தோற்றேன். பாசத்தோடு நீர் ஊற்றுவதைத் தவிர அதற்கு வேறு எதிரி இல்லை என்று நினைக்கிறேன். அதைப் பாறையிலேயே பார்த்து மகிழுங்கள். பொதுவாகவே காட்டிலிருந்து எதையும் பிடுங்கி வராதீர்கள்.

வடபுறச் சுவர் என்னும் பொறி

இங்கிலாந்துத் தோட்ட நூல்களைப் புரட்டினால், வீட்டின் வடபுறச் சுவரோரம் பெரணியை வைக்கச் சொல்லும். அது லண்டனுக்குச் சரி. அங்கே ஆண்டு முழுவதும் நண்பகல் சூரியன் தெற்கேதான் இருக்கும். நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு அருகில். மதுரையின் அகலாங்கு ஏறத்தாழ 10 டிகிரி வடக்கு. ஏப்ரல் நடுவில் சூரியன் நம் உச்சந்தலைக்கு மேல் வந்து, பிறகு வடக்கே நகர்ந்துவிடுகிறது. ஆகஸ்டு கடைசியில்தான் மீண்டும் உச்சியைக் கடந்து தெற்கே திரும்புகிறது. நடுவிலுள்ள நான்கு மாதங்களுக்கும் மேலாக வெயில் விழுவது வடபுறச் சுவரில்தான். அதுவும் அக்கினி நட்சத்திர நாட்கள் உட்பட!

நம்பாவிட்டால் ஜூன் 21-ஆம் நாள் ஒரு மீட்டர் கோலை நேராக நட்டுப் பாருங்கள். மதுரையில் பகல் 12 மணி 20 நிமிட அளவில் அதன் நிழல் தெற்கு நோக்கி ஏறத்தாழ 24 சென்டிமீட்டர் நீளத்துக்கு விழும்.

அப்படியானால் எங்கே வைப்பது? மேலே தாழ்வாரம் அல்லது அடர்ந்த மரநிழல் வேண்டும். மேற்கே மறைப்பு கட்டாயம் வேண்டும். மாலை வெயில் மட்டுமல்ல, ஆனி ஆடியில் மேற்கிலிருந்து வீசும் வறண்ட காற்றும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வருகிறது. கிழக்கு பார்த்த மூலையும், இரண்டு சுவர்களுக்கு இடைப்பட்ட சந்தும், கிணற்றடியும், பாத்திரம் கழுவும் இடத்தின் பக்கமும் நல்ல இடங்கள். (சோப்பு நீர் நேராகத் தொட்டியில் விழக்கூடாது.) மொட்டைமாடி வேண்டவே வேண்டாம். ஓர் எளிய சோதனை: ஒரே அளவான இரண்டு ஈரக் கைக்குட்டைகளை இரண்டு இடங்களில் தொங்கவிடுங்கள். எது தாமதமாகக் காய்கிறதோ அந்த இடம் பெரணிக்கு.

பானைக்குள் பானை

இனி, கிணற்றைத் தொட்டிக்குக் கொண்டுவரலாம். ஒரு பெரிய மண் தொட்டியும், அதற்குள் நான்கு விரற்கடை இடைவெளியோடு அமரும் சிறிய மண் தொட்டியும் வாங்குங்கள். சாயம் பூசாத சுட்ட மண்ணாக இருக்கட்டும். பெரியதன் அடியில் செங்கல் ஜல்லி பரப்பி, சிறியதை உள்ளே வைத்து, இடைவெளியில் ஆற்று மணலை நிரப்புங்கள். செடி சிறிய தொட்டியில். அன்றாடம் நீர் ஊற்றுவது மணலில். மண் தொட்டியின் நுண்துளைகள் வழியே வேருக்கு வேண்டிய அளவு கசியும். வெளிச்சுவர் வழியாகவும் மணல் வழியாகவும் எஞ்சிய நீர் ஆவியாகும். ஒரு கிராம் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் தேவை. அந்த வெப்பத்தை நீர் தொட்டியிடமிருந்தும் காற்றிடமிருந்தும் எடுத்துக்கொள்கிறது. பானைத் தண்ணீர் குளிர்வதும் இதனால்தான். செடியைச் சுற்றிக் காற்று குளிர்கிறது, ஈரமும் பெறுகிறது. இது போல நான்கைந்து தொட்டிகளை நெருக்கி வைத்தால் ஒன்றின் நீராவி மற்றதைக் காக்கும். தனியாக நிற்கும் பெரணி எளிதில் காயும்.

உள்தொட்டி மண்ணில் பாதி மக்கிய இலைச்சருகு இருக்கட்டும். மீதி மணலும் உடைத்த செங்கல் துண்டுகளும். டெரிஸுக்கும் அடியாண்டத்துக்கும் பழைய சுண்ணாம்புக் காரை ஒரு கைப்பிடி சேர்க்கலாம். தென்னை நார்க்கழிவு சேர்ப்பதானால் இரண்டு மூன்று முறை நீரில் அலசிவிடுங்கள். அதில் உப்பு இருக்கும். நட்டபின் தண்டின் முனை மண்ணுக்கு மேலே தெரியவேண்டும். புதைத்தால் அழுகும்.

உப்பு என்றதும் நீரைப் பற்றிச் சொல்லவேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீர் பல ஊர்களில் கரிப்பாக இருக்கிறது. நீர் ஆவியாகிப் போகும், உப்பு மட்டும் தொட்டியிலேயே தங்கும். நாளடைவில் தொட்டியின் வெளிப்புறம் வெள்ளை பூக்கும். இலை ஓரம் கருகும். மழைநீரைச் சேர்த்து வையுங்கள். குளிர்சாதனக் கருவியிலிருந்து சொட்டும் நீர் காற்றின் நீராவி குளிர்ந்து ஆனது. அதில் உப்பு இல்லை. வீணாக வழிய விடாமல் வாளியில் பிடியுங்கள். குடிநீர் சுத்திகரிக்கும் கருவி கழித்துவிடும் நீரோ இதற்கு நேர்மாறானது. உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கும். கரிப்பு நீர் தவிர வேறில்லை என்றால், மாதம் ஒரு முறையாவது நல்ல நீரை உள்தொட்டியில் தாராளமாக ஊற்றி, அடித்துளை வழியே உப்பைக் கழுவி வெளியேற்றுங்கள்.

புட்டிக்குள் ஒரு பாடம்

வளர்ந்த பெரணி வறட்சியைச் சமாளிக்கும். அதன் குழந்தைப் பருவம் சமாளிக்காது. பெரணி பூப்பதில்லை, விதைப்பதில்லை. இலையின் அடிப்புறத்திலிருந்து தூசி போன்ற ஸ்போர்களை உதிர்க்கிறது. ஸ்போர் முளைத்தால் வருவது பெரணி அன்று. நாம் படம் வரைந்தோமே, அந்த இதய வடிவப் பச்சைத் தகடு. இதற்குப் புரோதாலஸ் என்று பெயர். அதன் அடிப்புறத்தில் ஆண், பெண் உறுப்புகள் தோன்றுகின்றன. ஆண் செல் திருகுபோல் சுருண்டு, இழைகளை அசைத்து நீந்திச் சென்று முட்டையை அடைய வேண்டும். நீந்துவதற்கு ஒரு சொட்டு நீர்ப்படலம் இருந்தே தீரவேண்டும். அது இல்லாத ஊரில் பெரணி தானாகப் பெருகாது. கிணற்றுச் சுவரில் மட்டும் அது முளைத்ததன் மருமம் இதுவே. பெரணியின் இந்த இரட்டை வாழ்க்கையை 1851-ஆம் ஆண்டு தெளிவாக விளக்கியவர் வில்ஹெல்ம் ஹாஃப்மைஸ்டர் என்ற ஜெர்மானியர். அவர் கல்லூரியில் தாவரவியல் படித்தவர் அல்லர். குடும்பத்தின் புத்தக, இசைநூல் வணிகத்தில் இருந்துகொண்டு தாமே கற்றவர். அப்போது அவருக்கு வயது 27.

அந்த நீர்ப்படலத்தை நாம் ஒரு புட்டிக்குள் உண்டாக்கலாம். வழிகாட்டியவர் லண்டன் மருத்துவர் நத்தானியேல் வார்டு. ஆலைப் புகையால் அவர் தோட்டத்துப் பெரணிகள் செத்துக்கொண்டிருந்தன. 1829-இல் ஓர் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈரமண்ணோடு மூடிய கண்ணாடிப் புட்டியில் வைத்திருந்தார். மண்ணிலிருந்து, அவர் விதைக்காமலே, ஒரு பெரணியும் சிறிது புல்லும் எட்டிப் பார்த்தன. பகலில் ஆவியான நீர் கண்ணாடியில் படிந்து மீண்டும் மண்ணுக்கே திரும்பியது. ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் அவை புதிதாக நீரே இல்லாமல் வாழ்ந்தன. அவர் செய்த கண்ணாடிப் பெட்டிகளில்தான் பின்னர் செடிகள் கடல் கடந்து பயணம் செய்தன.

நீங்கள் செய்யவேண்டியது இது. டெரிஸ் இலை ஒன்றின் ஓரம் அடிப்புறமாக மடிந்திருக்கும். அந்த மடிப்புப் பழுப்பானதும் இலையை வெள்ளைத் தாளில் மடித்து, காற்றுப் படாத இடத்தில் இரண்டு நாள் வையுங்கள். தாளில் பழுப்புத் தூள் உதிர்ந்திருக்கும். ஒரு செங்கல் துண்டைக் கால் மணி நேரம் நீரில் கொதிக்க வைத்து ஆறவிடுங்கள். பாசியும் பூஞ்சையும் முந்திக்கொள்ளாமலிருக்கவே இந்தக் கொதிப்பு. வெந்நீரில் கழுவிய அகன்ற வாய்ப் புட்டியில் அதை வைத்து, பாதிக் கல் நனையும்படி கொதித்தாறிய மழைநீரை ஊற்றுங்கள். தூளைக் கல்லின்மேல் மிக மெல்லியதாகத் தூவி மூடுங்கள். அதிகம் தூவுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. வெளிச்சம் உள்ள, ஆனால் நேர் வெயில் படாத சன்னலோரம் வையுங்கள். வெயில் பட்டால் மூடிய புட்டி அடுப்பாகிவிடும்.

இரண்டு முதல் நான்கு வாரங்களில் கல்லின்மேல் பச்சை படரும். பாசியோ என்று ஐயம் வரும், பொறுங்கள். மேலும் சில வாரங்களில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் இதய வடிவங்கள் தெரியும், ஒவ்வொன்றும் உளுந்து அளவுகூட இராது. இப்போது சொட்டுக்குழாயால் அவற்றின்மேல் கொதித்தாறிய நீரைச் சில துளிகள் விடுங்கள். வாரம் இருமுறை போதும். உங்கள் கண்ணுக்குத் தெரியாமல் நீச்சல் நடக்கும்.

ஒரு நாள் ஓர் இதயத்தின் பிளவிலிருந்து கடுகளவில் ஓர் இலை எழும்பி நிற்கும். அது மற்றதைப் போலத் தரையோடு படுத்திராது, காம்போடு நிமிர்ந்திருக்கும். நாலைந்து இலை வந்தபின் மூடியைத் திறக்கலாம், ஒரேயடியாக வேண்டாம். முதல் வாரம் ஒரு தீக்குச்சியின் தடிமனுக்கு. அடுத்த வாரம் ஒரு விரல் அளவுக்கு. மூன்றாம் வாரம் இரவில் மட்டும் முழுவதும் திறந்து, காலையில் மூடிவிடுங்கள். கோடையில் இதைச் செய்யாமல், ஐப்பசி மழை தொடங்கும் வரை காத்திருந்தால் பாதிக் கன்றுகளாவது பிழைக்கும்.